பூனைகள் நக்கிய அச்சு மரம்

அத்தியாயம் 5

கைப்பிடி அசையவில்லை.

தசரதன் இழுத்தான். ஒரு காலைத் தூணில் ஊன்றிக்கொண்டு இழுத்தான். அங்காளம்மனைக் கூப்பிட்டு இழுத்தான். அம்மன் வரவில்லை என்றதும் தோணிக்கார மாரியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இழுத்தான். கைப்பிடி எந்தப் பெயருக்கும் மசியவில்லை.

பழவேற்காட்டில் இருந்த ஒரே அச்சுப்பொறி அது. ஊர் அதை அச்சு மரம் என்றது. இரண்டு தூண், மேலே ஒரு விட்டம், நடுவில் மனுஷன் முழங்கை கனத்துக்கு ஓர் இரும்புத் திருகு. திருகில் கைப்பிடி. கைப்பிடியை இழுத்தால் திருகு இறங்கும். திருகோடு பலகை இறங்கும். பலகை காகிதத்தை ஈய எழுத்துகளின்மேல் வைத்து அமுக்கும். பார்ப்பதற்குச் செக்குக்கும் தூக்குமரத்துக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். இப்போது ஊரை ஆளுகிற ஒல்லாந்துத் துரை பிறப்பதற்கு முன்பே அது கிழடு. தெற்கே ஏதோ ஒரு பாதிரியார் வேண்டாமென்று கழித்துவிட, கப்பலேறி இங்கே ஒல்லாந்தர் சொத்தாக வந்து சேர்ந்தது.

தசரதன் அதை வைத்துக்கொண்ட அழகைத் தெரு முழுக்கக் கதையாகச் சொல்லும். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் திருகைத் துடைப்பான். திருகு ஏறி இறங்கும் மறைக்குள் விளக்கெண்ணெய் விடுவான், அதுவும் கோழி இறகால். எழுத்துத் தட்டு போய்வரும் சறுக்குச் சட்டங்களில் ஆட்டுக் கொழுப்பைத் தேய்த்து, தேய்த்தது தெரியாமல் வழித்தெடுப்பான். எழுத்துக்கு மை ஒற்றும் மைப்பந்தின் தோல் காயாமல் இருக்க ராத்திரியில் அதை எதில் ஊறவைப்பான் என்று அவன் பெண்டாட்டி மணியம்மாளைக் கேட்டால், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெண்டாட்டி தலைக்கு எண்ணெய் வாங்க மறந்த நாள் உண்டு. திருகுக்கு மறந்த நாள் இல்லை.

அப்படிப்பட்ட திருகுதான் இன்று கல்லாகிக் கிடந்தது.

அது மட்டும் இல்லை. தெருவில் இருந்த பூனைகள் அத்தனையும் கொட்டகைக்குள் வந்து, அச்சு மரத்தைச் சுற்றி உட்கார்ந்து, அதை நக்கிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

வாசலில் நிழல் விழுந்தது. முதலில் தலைப்பாகையின் நிழல். பின்னால் ஒரு கூடையின் நிழல்.

தலைப்பாகை, செங்கல்வராயனுடையது. ஒல்லாந்தர் சாவடிச் சேவகர். காணாமல் போன கருவாட்டு மூட்டையிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரை கண்டுபிடித்துக் கொடுத்தவர். ஒல்லாந்தர்கள் பழவேற்காட்டை இங்கிலீஷ் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறும் வருஷம் இது. பழைய துரை மூட்டை கட்டிவிட்டார். புதிய துரை இன்னும் வரவில்லை. ஆகவே இன்றைய தேதியில் செங்கல்வராயன் எந்த ராஜாங்கத்துக்கும் சொந்தமில்லாத துப்பறிவாளர். தலைப்பாகையை மட்டும் கழற்றவில்லை. அதைக் கழற்றினால் என்ன தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூடை, பவுனம்மாளுடையது. கருவாடு விற்பவள். செங்கல்வராயனின் கூடப்பிறந்த அக்கா. அவர் அக்கா மகளையே கட்டிக்கொண்டதால் மாமியாரும் அவள்தான். துப்பறியப் போகும் இடமெல்லாம் கூடவே போவாள். இந்த இரட்டை உறவில் அவளுக்கு ஒரு சௌகரியம்: திட்டுவதற்கு அக்கா, மரியாதை வாங்குவதற்கு மாமியார். எந்த நேரத்தில் எது என்பதை அவளே முடிவு செய்வாள்.

“இன்னாடா தசரதா, அச்சு மரத்துக்கு சொந்தக்காரங்க எல்லாம் வந்துகீறாங்க போல?” என்றாள் பூனைகளைப் பார்த்து.

“விடிஞ்சதிலேர்ந்து வெரட்டறேன் யக்கா. போவ மாட்டேன்னுதுங்க. அண்ணே, நீங்களே பாருங்க. பொன்னேரி திருவிழாவுக்குப் போறதுக்கு முன்னால ஷோக்கா ஓடிச்சு. போய்ட்டு இன்னிக்கித்தான் திரும்பினோம். வந்து தொட்டா இப்பிடிக் கீது.”

“கொட்டகைக்குப் பூட்டு?” என்றார் செங்கல்வராயன்.

“ஆடு பூராம இருக்க ஒரு படல். அவ்ளோதான்.”

“அதுல ஆடு பூராது. பூனையும் மனுசனும் பூரலாம்,” என்றாள் பவுனம்மாள்.

தசரதன் அழாத குறையாகச் சொன்னான். முகத்துவாரத்தில் நீர் ஏறியதும் துரை படகேறப் போகிறார். போகும் வழியில் இங்கே வருவார். ஊர் கைமாறுகிற சேதியைச் சொல்லும் அறிவிப்பை அவர் கண்ணெதிரே அடித்துக் காட்டினால், அச்சு மரம் தசரதனுக்கு. ஓடாத மரமென்றால் கட்டை முழுக்க ரொட்டிக்காரன் அடுப்புக்கு. ஈய எழுத்துகள் மாரிக்கு.

“மாரிக்கு எழுத்து எதுக்குடா? அவன் இன்னா சாஸ்திரம் படிக்கப் போறானா?”

“உருக்கி வலைக்குண்டு ஊத்தப் போறான் யக்கா. துரைகிட்ட போய்க் கேட்டு வெச்சுகீறான்.”

“அப்ப இனிமே எறால்கூட எழுத்து கத்துக்கும்.”

“அவன்தாண்ணே இதப் பண்ணது! வேற யாரு? மரம் ஓடலைன்னா லாபம் அவனுக்குத்தானே!”

செங்கல்வராயன் மரத்தருகே போனார். திருகைத் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. விரலை அக்காவிடம் நீட்டினார். துப்பறியும் வேலையில் அவர் கண், அவள் மூக்கு.

பவுனம்மாள் முகர்ந்தாள். “மீன் எண்ணெ. குங்கிலியம் போட்டுக் காச்சினது. தோணிக்குப் பூசற பூச்சு.”

இந்தக் கரையில் தெரியாதவர் இல்லை. மீன் எண்ணெயில் குங்கிலியத்தைக் கரைத்து, சூடு குறையாமல் பலகைக்குப் பூசுவார்கள். ஆறியதும் இறுகும். தண்ணீர் புகாது, புழு அரிக்காது. தோணிக்கு அது சட்டை. திருகுக்கு அது விலங்கு.

“பாத்தீங்களா? தோணிக்காரன் வேலை!” என்று குதித்தான் தசரதன்.

“இந்த ஊர்ல மீன் எண்ணெ நாத்தம் அடிக்காதவன் எவனாவது இருந்தா சொல்லு, மொதல்ல அவனப் புடிப்போம்,” என்றாள் பவுனம்மாள். “மாப்ளே, கெளம்புங்க. நீர் ஏறிக்கினு கீது.”

மாரி ஏரிக்கரையில்தான் இருந்தான். தோணிக்குள் நின்று சட்டியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். தோணி கட்டப்பட்டிருந்தது, மீன்பிடிக்க எங்கேயும் போய்வந்ததாகத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே மூழ்கிக்கொண்டிருந்தது.

“ஆமாண்ணே, ஈயம் கேட்டேன்,” என்றான், கேட்பதற்கு முன்பே. “என் வலை மெதக்குது. மீனுங்க அடியில பூந்து போவசொல்ல என்னைப் பாத்து சிரிக்கிற மாதிரி கீது. ரொட்டிக்காரன் கட்டையக் கேட்டான், நான் ஈயத்தக் கேட்டேன். கேட்டா தப்பா?”

“ஊர்ல ஆள் இல்லாதப்ப அச்சு மரத்துக்கு யாரோ பூச்சு பூசிக்கீறாங்க. நீதான்னு தசரதன் சொல்றான்.”

“பூச்சா? நானா?”

மாரி சட்டியைக் கீழே வைத்தான். அந்தச் சிறு இடைவெளியில் தோணிக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. செங்கல்வராயன் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தோணியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பலகைகளுக்கு நடுவே வெயில் தெரிந்தது. ஓரிடத்தில் ஒரு நண்டு வீடு கட்டியிருந்தது.

“இதுக்குக் கடைசியா எப்ப பூசினே?”

மாரி வானத்தைப் பார்த்தான். “ஆடி வரட்டும்னு கீறேண்ணே.”

“எந்த ஆடி?”

“அதுதான் யோசிச்சுக்கினு கீறேன்.”

செங்கல்வராயன் தலையை ஆட்டினார். “வாக்கா, போலாம்.”

“இன்னாடா இது? கட்டி இட்டுக்கினு போவலியா?” பவுனம்மாள் ஓட்டமும் நடையுமாகப் பின்தொடர்ந்தாள்.

“சொந்தத் தோணி முழுகுது, அதுக்கே எண்ணெ காட்டாதவன். அடுத்தவன் மரத்துக்குப் போய் அடுப்பு மூட்டி, எண்ணெ காச்சி, குங்கிலியம் இடிச்சுப் போட்டு, சூடு ஆறாம பூசினான்னு சொன்னா நீ நம்புவியா? அவன் கெடுக்கணும்னா ஒரு கல்லத் தூக்கிப் போட்டுட்டுத் தூங்கப் போயிருப்பான்.”

“சோம்பேறித்தனத்த சாட்சிக்குக் கூப்ட்ட மொத சேவகன் நீதான்.”

“பொய் சொல்லாத சாட்சிக்கா அது.”

கொட்டகைக்குத் திரும்பியபோது கூட்டம் சேர்ந்திருந்தது. ரொட்டிக்காரன் ஒரு முழக்கயிற்றோடு வந்து, தூண்களை அளந்துகொண்டிருந்தான். மணியம்மாள் அவனைத் துடைப்பத்தால் அளக்கப் போய், அக்கம்பக்கத்தார் விலக்கிவிட்டிருந்தார்கள்.

செங்கல்வராயன் தலைப்பாகையைக் கழற்றி மணியம்மாள் கையில் கொடுத்தார். வழுக்கை பளபளத்தது. அப்புறம் மல்லாந்து படுத்து அச்சு மரத்துக்கு அடியில் நுழைந்தார். ஒரு பூனை இடம் விட்டது.

“உள்ள வெளிச்சம் போதுமா மாப்ளே? போதாதுன்னா தலையக் கொஞ்சம் திருப்புங்க,” என்றாள் பவுனம்மாள்.

உள்ளே விரலால் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் மட்டும் வந்தது.

“அக்கா, ஒருத்தன் மரத்தக் கெடுக்கணும்னு வர்றான். எங்க பூசுவான்?”

“திருகுலதான். அதுதானே ஓடற எடம்?”

“அடியில பூசுவானா?”

“அங்க யாரு பாக்கப் போறாங்க?”

“பூசிக்கீறான். மூலை முடுக்கு விடாம. விரலு போவாத சந்துல துணியச் சுத்தி உட்டுத் தேச்சுக்கீறான். அப்புறம் இன்னொண்ணு. கால்லேர்ந்து முட்டி ஒசரம் வரைக்கும் ரெட்டைப் பூச்சு. அதுக்கு மேல ஒத்தைப் பூச்சு. நடுவுல நூல் புடிச்ச மாதிரி கோடு.”

பவுனம்மாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். “நீர்க்கோடா?”

“நீர்க்கோடுதான். கொட்டகைக்குள்ள நிக்கிற மரத்துக்கு, எது வரைக்கும் தண்ணில முழுகும்னு கணக்குப் பாத்து ரெட்டைப் பூச்சு குடுத்துக்கீறான்.”

செங்கல்வராயன் வெளியே வந்தார். முதுகு முழுக்க மீன் எண்ணெய். பூனைகள் அவரைப் புதிய மரியாதையோடு பார்த்தன. அவர் நேரே சன்னல் மாடத்துக்குப் போனார். அங்கே மைப்பந்துகள் இரண்டும் ஒரு பழைய துண்டில் பத்திரமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. எழுத்துத் தட்டுகளின்மேல் ஓலைத் தடுக்கு ஒன்று மூடியிருந்தது.

“இத மூடினது நீயா தசரதா?”

“இல்லண்ணே.”

“இந்தத் துண்டு?”

“என்னது இல்ல.”

செங்கல்வராயன் கடைசியாக, ஏரியைப் பார்த்து நின்ற தூணின் நெற்றியைக் காட்டினார். மூன்று விரலால் இழுத்த மஞ்சள். நடுவில் குங்குமம். தோணியின் முகப்புக்கு, முதல்முதலாகக் கடலில் இறக்கும்போது வைப்பது.

“பூசினவன் மரத்துக்கு எது முன்பக்கம்னுகூட முடிவு பண்ணிக்கீறான்,” என்றார். “கடலுக்குப் போற தோணிக்காரன். ஏரித் தோணிக்கு இங்க எவனும் ரெட்டைப் பூச்சு பூசறதில்ல. அக்கா, திருவிழாவுக்கு வராம கெடந்த கடல்காரன் யாரு?”

பவுனம்மாளுக்கு இதெல்லாம் யோசிக்க வேண்டிய கேள்வியே இல்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர்கள் என்ன புடவை என்பது வரை அவளிடம் இருக்கும். வாயைத் திறந்தாள். மணியம்மாளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பவுனம்மாள் வாயை மூடியது தெருவில் பல பேருக்கு அன்றுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் கொட்டினாள். “சின்னதம்பி. வேற யாரு? மணியம்மா அப்பன்! முட்டி வலின்னு வூட்லயே கெடந்தான். கடலுக்குப் போற பையன்னு பொண்ணு குடுத்தான். பையன் கல்யாணம் ஆன கையோட தோணிய உட்டுட்டு மையத் தடவ வந்துட்டான். அன்னிலேர்ந்து மாமனாருக்கும் மருமவனுக்கும் பேச்சு இல்ல. இந்தக் கொட்டகைத் திக்குல தலைவெச்சுப் படுக்கறதில்ல. அச்சு மரத்த செத்த கட்டைன்னுதான் சொல்லுவான். இப்ப கட்டைய நெஜமாவே சாவடிச்சுட்டான், பாவி. மருமவன் வயித்துல அடிச்சா திரும்பத் தோணிக்கு வருவான்னு கணக்கு.”

“கணக்கு சரியா வரலியே,” என்றார் செங்கல்வராயன்.

“இன்னா வரல?”

“பொட்டு.”

சின்னதம்பியின் தோணி கடற்கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பளபளவென்று, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட பிள்ளை மாதிரி. அவர் அதன் நிழலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தொடுகிற வயசு. முட்டி வலி இருக்கிற மாதிரித் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு மண்சட்டி, வெளியே எண்ணெய் வழிந்த தடத்தோடு.

கேட்டால் ஒத்துக்கொள்கிற ஆளில்லை. இது செங்கல்வராயனுக்குத் தெரியும். அடித்தாலும் மாட்டார். எனவே அவர் கேட்கவில்லை.

“அண்ணாத்தே, ஒரு சேதி. உங்க மருமவனோட அச்சு மரத்துக்கு மாரி பூச்சு பூசிட்டான். புடிச்சுட்டோம்.”

சின்னதம்பியின் கை கயிற்றில் நின்றது. “மாரியா?”

“மாரிதான்.”

“அவன் ஒத்துக்கினானா?”

“ஒத்துக்கறது இன்னா? பூச்சப் பாத்தாலே தெரியுது. கேவலமான பூச்சு. குங்கிலியம் பத்தல. அங்கங்க திட்டுத் திட்டா நிக்குது. கொழந்த சோத்த எறைச்ச மாதிரி. இவ்ளோ கலீஜா பூசறவன் ஊர்ல மாரியத் தவுர வேற யாருன்னு கேக்கறேன்.”

பவுனம்மாள் சட்டென்று புரிந்துகொண்டு சேர்த்துக்கொண்டாள். “நீர்க்கோடுகூட கோணல், அண்ணாத்தே. குடிச்சுட்டுப் பூசின மாதிரி.”

“கோணலா?” சின்னதம்பி எழுந்துவிட்டார். “எவன்டா சொன்னான் கோணல்னு? நூல் கட்டிப் பூசினேன்! சட்டி சூடு ஆறாம, அணு அணுவா! மாரியாம் மாரி! அவன் தோணில நண்டு குடித்தனம் பண்ணுது! இந்தக் கையப் போய்...”

நிறுத்திக்கொண்டார்.

“சரி, நான்தான்,” என்றார். “அதுக்கு இன்னா இப்ப?”

“ஏன் பூசினே?” என்றாள் பவுனம்மாள்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “துரை வந்து மரத்தப் பாப்பாரு, நல்லா இருந்தாத்தான் அவனுக்குக் குடுப்பாருன்னு ஊரெல்லாம் பேச்சு. போய்ப் பாத்தேன், ஆளு இல்லாத நேரமா. எத்தினி வருசத்துக் கட்டை! ஒரு பூச்சு இல்ல. வறண்டு போய் நிக்குது. கட்டைய அப்பிடி உட்டா புழு உடுமா? மையத் தடவறானோ மண்ணத் தடவறானோ, எம் பொண்ணு சோறு அதுலதானே வருது? தசரதன்கிட்ட சொன்னீங்கன்னா இருக்குது.”

“அண்ணாத்தே,” என்றார் செங்கல்வராயன், “மரம் ஓடல. திருகு இறுகிப் போச்சு. கைப்பிடி அசைய மாட்டேங்குது.”

“ஏன் அசையணும்?”

“இன்னாது?”

“தோணில எது அசையுது? ஒரு பலகை ஒரு நூல் அசைஞ்சா உசுரு போச்சு. இதுல இன்னாடான்னா நடுக்கம்பமே ஆடிச்சு. கையால தொட்டா சுத்துது! அய்யய்யோ, இதுலயா இந்தப் பையன் பொழைக்கிறான்னு அதுக்குத்தான் நாலு பூச்சு சேத்துக் குடுத்தேன்.”

பவுனம்மாள் கூடையை மணலில் இறக்கி வைத்தாள். சிரிப்பதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. “அது சுத்தத்தான் வேணும். அது சுத்தினாத்தான் அச்சு. சுத்தலைன்னா கட்டை அடுப்புக்குப் போவுது. துரை கெளம்பிட்டாரு.”

சின்னதம்பியின் முகத்திலிருந்து கோபம் முழுக்க வடிந்துபோனது. அதற்கடியில் என்ன இருந்தது என்பதை அவர் காட்டவில்லை. மண்சட்டியை எடுத்தார். ஒரு கட்டுக் காய்ந்த ஓலையை அக்குளில் இடுக்கினார். முட்டி வலிக்காரர் முன்னால் ஓட, துப்பறிவாளர் பின்னால் ஓடினார்.

கொட்டகை வாசலில் மாமனாரைப் பார்த்ததும் தசரதன் தூண்போல நின்றான். விஷயத்தைச் செங்கல்வராயன் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். தசரதன் திருகையும் மாமனாரையும் மாறிமாறிப் பார்த்தான். மணியம்மாள் மட்டும், “நைனா!” என்றாள், எந்த அர்த்தத்தில் என்று அவளுக்கே தெரியாது.

பேச்சு இல்லாதவர்கள் பேசிக்கொள்ள ஒரு முறை இருக்கிறது. சின்னதம்பி மருமகனைப் பார்க்காமல், அச்சு மரத்தின் தூணைப் பார்த்தார்.

“ஏ தூணே. பழைய பூச்ச எடுக்கணும்னா சூடு காட்டணும். மேல குங்கிலியம் போடாம காச்சின எண்ணெய ஊத்தணும். எங்க ஊத்தறதுன்னு இங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லச் சொல்லு.”

தசரதனும் அதே தூணிடம் சொன்னான். “தூணே. திருகு மேல மறைக்குள்ள போற எடத்துல ஊத்தணும். நெருப்பு கட்டை மேல படக்கூடாது. காயிதத்துப் பக்கம் வரவே கூடாது. கொளுத்தற கை யாரு கையா இருந்தாலும் சரி.”

“தோணியோட அடியில ஓலை கொளுத்திப் பூச்சு எடுத்த கை இதுன்னு சொல்லு. ஒரு பலகை கருகினது கெடையாது.”

“கேட்டுக்கினேன்னு சொல்லு.”

தூண் இருவருக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

ஓலைச் சுவாலை திருகைத் தடவியது. தொடாமல், தொடுவதுபோல. சின்னதம்பி அதை நகர்த்திக்கொண்டே இருந்தார். கொதிக்கும் எண்ணெயைத் தசரதன் கரண்டியால் மறைக்குள் விட்டான். பழுப்பாக ஒரு கூழ் கசிந்தது. மணியம்மாள் அதைக் கந்தலால் துடைத்துக்கொண்டே இருந்தாள். மறுபடி சுவாலை, மறுபடி எண்ணெய். வெளியே யாரோ, “பல்லக்கு வருது!” என்றார்கள். ரொட்டிக்காரன் முழக்கயிற்றை மடித்து, விரித்து, மடித்தான்.

தசரதன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். முனகல் ஒன்று வந்தது. அவனுடையதா மரத்துடையதா என்று தெரியவில்லை.

“தூணே,” என்றார் சின்னதம்பி, “ஒத்த ஆளு இழுத்தா வராது, ரெண்டு பேரு புடிக்கணும்னு சொல்லு.”

தசரதன் தூணுக்குப் பதில் சொல்லவில்லை. கைப்பிடியில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டான்.

நாலு கை சேர்ந்து இழுத்தன. திருகு ஒரு மயிரிழை நகர்ந்தது. அப்புறம் ஒரு விரற்கடை. அப்புறம் திடுமென்று முழுச்சுற்றும் சுற்றி, பலகை தடாலென்று இறங்க, மாமனாரும் மருமகனும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அவர்கள்மேல் பூனைகள் ஏறி ஓடின.

துரை உள்ளே வந்தபோது மூக்கில் கைக்குட்டை இருந்தது. வெயிலில் வாடிய மனிதர், கூடவே துபாஷி. தசரதன் எழுத்துகளுக்கு மை ஒற்றினான், காகிதம் வைத்தான், தட்டை உள்ளே தள்ளினான், இழுத்தான். அறிவிப்பு வந்தது. ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கறை; மற்றபடி எழுத்து ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. துரை அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். துபாஷி மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்.

“மரத்தை யாரோ கெடுத்ததாகத் துரை கேள்விப்பட்டார்,” என்றார் துபாஷி. “யார் என்று சொன்னால், போவதற்கு முன் தண்டனை கொடுத்துவிட்டுப் போவார்.”

சின்னதம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார். பவுனம்மாள் கூடையை அவர் கால்மேல் இறக்கினாள்.

செங்கல்வராயன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். ஒல்லாந்தருக்கு அவர் கொடுத்த கடைசி அறிக்கை அதுதான்.

“யாரும் கெடுக்கலைங்க. புழு அரிக்காம இருக்க வருசாந்தரம் பூசற பூச்சு. இந்தக் கரையில மரம்னு இருந்தா பூசறது வழக்கம்.”

துபாஷி சொன்னார். துரை அச்சு மரத்தைப் பார்த்தார். எண்ணெய் வழிகிற மாமனாரையும் மருமகனையும் பார்த்தார். கைக்குட்டையை எடுக்காமலே ஏதோ சொன்னார்.

“மரம் தசரதனுக்கு,” என்றார் துபாஷி. “தூக்கிக்கொண்டு போக நினைத்தாலும் கப்பல்காரர் இந்த நாற்றத்தை ஏற்ற மாட்டார் என்று துரை சொல்கிறார்.”

பல்லக்கு முகத்துவாரத்தைப் பார்த்துப் போனது. ரொட்டிக்காரன் முழக்கயிற்றை இடுப்பில் சொருகிக்கொண்டு விறகு தேடிப் போனான்.

கொட்டகைக்குள் தசரதன் கோழி இறகை எடுத்தான். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தில் தோய்த்து, திருகின் தலையில் வைத்தான்.

சின்னதம்பியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தூணையெல்லாம் மறந்துவிட்டார்.

“அது இன்னா எண்ணெடா?”

“விளக்கெண்ணெ.”

“விளக்கெண்ணெயா? வயித்துக்கு ஊத்தறதா? இதுக்கு இன்னா மலச்சிக்கலா?”

“அதுதான் இறுகாது. திருகுக்கு அது மட்டும்தான்.”

“இத்துனூண்டு சொட்டு எப்பிடிடா பத்தும்? குடு இங்க.” கிண்ணத்தைப் பிடுங்கினார்.

“மாமா! கைய எடு! போதும்னா போதும்!”

பேச்சு நின்றபின் அவன் மாமா என்றது இதுதான் முதல் தடவை. மணியம்மாள் கந்தலை முகத்தில் வைத்துக்கொண்டாள். அது துடைத்த கந்தல் என்பது அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது.

சின்னதம்பி கிண்ணத்தைக் கீழே வைத்தார். மருமகனை நேராகப் பார்த்தார்.

“மொதல்ல எங்க ஊத்தணும்னு காட்டு,” என்றார். “கையப் புடிக்காம காட்டு.”